குதிகாலைப் பார்க்கிற மாஸ்டர்: திருச்சியில் ஒரு கராத்தே கிளாஸ்

ஒரு கராத்தே கிளாஸ் உருப்படியானதா என்று தெரிந்துகொள்ள அங்கே அடுக்கி வைத்திருக்கிற கப்புகளைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. பிள்ளைகள் வரிசையாக முன்னேறி பஞ்ச் விடும்போது பின்னங்கால் குதிகால் தரையில் பதிகிறதா என்று பார்த்தால் போதும். திருச்சியில் ஒரு மாடி ஹாலில் நடக்கிற இந்த ஷோட்டோகான் பாணி கிளாஸில் முக்கால்வாசிப் பேருக்குப் பதிகிறது, புதிதாகச் சேர்ந்த வெள்ளை பெல்ட் உட்பட. ஊரில் இது அபூர்வம்.

திங்கள், புதன், வெள்ளி மாலை 5.30 முதல் 7 மணி வரை கிளாஸ். ஏறக்குறைய 35 பிள்ளைகள், ஒரு மாஸ்டர், கூடமாட உதவிக்கு பிளாக் பெல்டுக்கு முந்தின பிரவுன் பெல்டில் இருக்கிற இரண்டு மாணவர்கள். மாதம் 900 ரூபாய், சேரும்போது 500 தனி.

முதல் கால் மணி நேரம் வார்ம் அப். கணுக்கால், முட்டி, இடுப்பு, தோள் என்று கீழிருந்து மேலே வருகிறார்கள். பல இடங்களில் தண்டனைபோலக் கொடுக்கிற வாத்து நடையும் தவளை ஜம்ப்பும் இங்கே கிடையாது. வெறும் தரையில் முழுதாக மடங்கின முட்டியோடு நடக்கவைத்தால் பத்து வயதிலேயே முட்டி வலி வரும். மாஸ்டருக்கு அது தெரிந்திருக்கிறது.

அடுத்த அரை மணிக்கு மேல் அடிப்படைப் பயிற்சி. இங்கேதான் இந்த கிளாஸின் பலம் இருக்கிறது. தோள் அகலத்துக்கு இரண்டு நீளக் கோடுகள், தரையில் கலர் டேப் ஒட்டியிருக்கிறார்கள். ஸென்குட்ஸு தாச்சியில், அதாவது முன் காலை மடக்கிப் பின் காலை நீட்டி நிற்கிற நிலையில், நடக்கும்போது இடது கால் இடது கோட்டிலும் வலது கால் வலது கோட்டிலும் விழவேண்டும். கோடு இல்லாவிட்டால் பிள்ளைகள் கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி இரண்டு காலையும் ஒரே நேர்கோட்டில் வைத்துவிடுவார்கள். பக்கவாட்டில் ஒரு விரலால் தள்ளினாலே சாய்வார்கள். மாஸ்டர் தள்ளித்தான் பார்க்கிறார். சாய்ந்தவர்களிடம் சத்தம் போடுவதில்லை, "கோட்டைப் பாருடா" என்பதோடு சரி.

குதிகால் தூக்கிக்கொள்வதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, நிலை அளவுக்கு மீறி நீளமாகிவிடுவது. மற்றது, பின் பாதம் முழுதாகப் பக்கவாட்டில் திரும்பியிருக்க, இடுப்பை மட்டும் முன்னே திருப்பப் பார்ப்பது. தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு நீளம் போதும். கணுக்கால் இறுகின பிள்ளைக்கு அரை அடி குறைத்துவிடுகிறார், பின் பாதத்தை முடிந்தவரை முன்னே திருப்பச் சொல்கிறார். படத்தில் பார்க்க ஆழமான நிலைபோல இருக்காது. ஆனால் பஞ்ச் தரையிலிருந்து கிளம்பும்.

கை மடக்குவதும் முதல் நாளே. நான்கு விரலையும் இறுக்கி மடக்கி, கட்டைவிரல் வெளியே ஆள்காட்டி விரல், நடுவிரல் மேல் படியவேண்டும். உள்ளே வைத்துக் குத்தினால் கட்டைவிரல் போச்சு. படவேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முட்டிகள். மணிக்கட்டு மேலோ கீழோ மடிந்தால் பேடில், அதாவது எதிரே பிடிக்கிற திண்டில், குத்தின அன்றைக்கே வீங்கும். காற்றில் குத்தும்போது முழங்கையைக் கடைசிவரை சொடுக்கி நீட்டாதே, ஒரு நூல் விடு என்று ஓயாமல் சொல்கிறார். வெட்டவெளியில் நூறு பஞ்ச் சொடுக்கினால் மறுநாள் முழங்கையின் பின்பக்கம் வலிக்கும்.

மாயே கெரிக்கு, அதாவது முன் உதைக்கு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் உபகரணம். சாய்மானம் உதைக்கிறவரின் பக்கம் இருக்கிற மாதிரி போடுகிறார்கள். முட்டியை உயர்த்தி, சாய்மானத்துக்கு மேலே உதைத்து, அதே வழியில் காலை மடக்கி இழுத்து, பிறகுதான் கீழே வைக்கவேண்டும். குட்டிகளுக்கு நாற்காலிக்குப் பதில் ஸ்டூல். முட்டியைத் தூக்காமல் காலைச் சுழற்றி வீசினால் நாற்காலி போகும். உதைத்த காலை மடக்காமல் தொப்பென்று போட்டாலும் போகும். மாஸ்டர் வாய் திறக்க வேண்டியதே இல்லை. நாற்காலி விழுந்த சத்தமே திருத்திவிடுகிறது. கால்விரல்களைப் பின்னே மடக்கி முன் பாதத்தால் உதைக்கவேண்டும் என்பது மட்டும் இன்னும் பலருக்குப் படியவில்லை. பேட் பிடிக்கும் நாளில் இரண்டு பேராவது விரலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

கட்டா, அதாவது எதிராளி இருப்பதாக நினைத்து வரிசை மாறாமல் செய்கிற அசைவுகள், சொல்லிக்கொடுப்பதும் அவசரமில்லாமல்தான். தொடக்க கட்டாவான ஹெயான் ஷோடானில் 21 அசைவுகள். 9, 17 இரண்டிலும் கியாய், அதாவது அடிவயிற்றிலிருந்து போடுகிற சத்தம். நான்காவது அசைவில்தான் எல்லா கிளாஸிலும் பிள்ளைகள் ஏமாற்றுவார்கள். முன் காலைப் பின்னே இழுத்து, கையை வட்டமாகச் சுற்றி, சுத்தியல் மாதிரி மேலிருந்து அடிக்கவேண்டிய இடம் அது. காலை இழுக்காமல் கையை மட்டும் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே ஒரு பையன் எதிரே நின்று மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொள்கிறான். கையை மட்டும் சுற்றினால் விடுபடாது. உடம்பைப் பின்னே இழுத்து, பிடித்தவன் கட்டைவிரல் இருக்கும் பக்கமாகத் திருப்பினால் விட்டுப்போகும். அதன்பின் அந்தக் காலை யாரும் மறப்பதில்லை. பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்பு என்று தனியாக ஒரு பாடம் வேண்டாம், இதுவே அது. தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிடுகிறார். கட்டா முடியும்போது அதன் மேல் வந்து நிற்கவேண்டும். ஓரடி தள்ளி நின்றால், எங்கோ ஒரு நடை நீண்டோ குறுகியோ போயிருக்கிறது என்று அர்த்தம்.

வயிற்றில் பைக் ஏற்றுவது, ஓடு உடைப்பது, சாதனைச் சான்றிதழுக்காக மணிக்கணக்கில் பஞ்ச் விடுவது எதுவும் இல்லை. ஆண்டு விழாவில் பிள்ளை ஓடு உடைப்பதை வீடியோ எடுக்க ஆசைப்படுகிற அப்பாக்களுக்கு இந்த இடம் சரிவராது.

குமித்தே, அதாவது எதிராளியோடு மோதிப் பழகுவதுதான் பலவீனம். வெள்ளிக்கிழமை மட்டும் கடைசி இருபது நிமிஷம். தரை மொசைக், மேட் கிடையாது. வியர்வை சிந்தினால் வழுக்குகிறது. மவாஷி கெரியில், அதாவது பக்கவாட்டிலிருந்து சுழற்றி உதைப்பதில், ஊன்றிய கால் சுழலவேண்டும். வழுக்கல் பயத்தில் பிள்ளைகள் அதைச் சுழற்றாமலே உதைக்கிறார்கள், திருகல் முழுக்க முட்டிக்குப் போகிறது. போட்டிகளில் 8 மீட்டருக்கு 8 மீட்டர் மேட் விரிப்பார்கள். இங்கே அதில் பாதி விரித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கிளவுஸ் பொது, ஈரம் காயாமலே அடுத்தவர் கைக்குப் போகிறது, நாற்றம் வேறு. மவுத் கார்டு கட்டாயம் இல்லை என்பது சுத்தமாக ஏற்க முடியாதது. சொந்தமாக ஒரு ஜோடி கிளவுஸும் மவுத் கார்டும் வாங்கிக்கொடுத்துவிடுங்கள்.

குமித்தே பலவீனத்தின் விளைவு டோர்ணமென்டில் தெரிகிறது. உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி பஞ்சுக்கு 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலை உயரத்துக்குக் கட்டுப்பாட்டோடு உதைத்தால் 3. இந்தப் பிள்ளைகள் சுத்தமாக பஞ்ச் எடுப்பார்கள், கால் மேலே போகாது. மூன்று பஞ்சில் சேர்த்ததை எதிராளி ஒரே உதையில் சமன் செய்துவிடுகிறான். கட்டாவில் மெடல் வருகிறது, குமித்தேவில் முதல் சுற்றோடு திரும்புகிறார்கள்.

பெல்ட் டெஸ்ட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 700 ரூபாய். தேறாதவர்களைத் தேறவில்லை என்றே சொல்கிறார். ஒரு மாதம் கழித்து மறு டெஸ்டுக்குக் காசு வாங்குவதில்லை. பிரவுனில் மட்டும் மூன்று படி. ஒரு படிகூடத் தவறாமல் ஏறினாலும் பிளாக் பெல்டுக்கு நாலு வருஷம் ஆகும் என்று சேரும்போதே சொல்லிவிடுகிறார். ஒன்றரை வருஷத்தில் பிளாக் பெல்ட் என்று பேனர் கட்டுகிறவர்கள் இருக்கும் ஊரில் இது பெரிய விஷயம். ஆனால் பேட்ஜ், சான்றிதழ், டோர்ணமென்ட் என்ட்ரி என்று பிற்பாடு வருகிற செலவுக்குப் பட்டியல் எதுவும் தருவதில்லை. முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ட்ரெஸ் அவர்களிடமே வாங்கினால் 1,100. காட்டன், துவைத்தால் சுருங்கும். ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். புது கலர் பெல்டை வெள்ளை ட்ரெஸ்ஸோடு சேர்த்து ஊறப்போடாதீர்கள்.

ஒரு வாரம் இலவசமாக விட்டுப் பார்க்கலாம். திங்கள்கிழமை போய் டேப் கோட்டையும் நாற்காலியையும் பார்த்துவிட்டுச் சேர்த்துவிடாமல், வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கும் ஒரு நடை போய், அந்த மொசைக் தரையில் நடக்கிற இருபது நிமிஷத்தையும் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.