மெதுவாகக் கிளம்பும் பிக்கப்: பேட்டரியா, எர்த் ஒயரா, செல்ஃபா, டீசலா?

விடியும் முன் காய்கறி ஏற்றப் போக வேண்டிய டீசல் பிக்கப், சாவியைத் திருப்பியதும் முக்கி முனகிக் கிளம்புகிறது என்றால் பெரும்பாலானவர்கள் நேராகப் பேட்டரி கடைக்குத்தான் போகிறார்கள். புதுப் பேட்டரியில் சில நாள் வண்டி நன்றாகக் கிளம்பும். அப்புறம் பழையபடி முனகல். வாடகை ஓட்டிப் பிழைப்பவரின் ஆயிரக்கணக்கான ரூபாய் இப்படிப் போவதைப் பார்க்க மனம் ஆறவில்லை. ஒரு மல்டிமீட்டரும் பத்து நிமிடமும் இருந்தால் பேட்டரி குற்றவாளியா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மீட்டரை எடுக்கும் முன் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். இன்ஜின் இழுத்து இழுத்துச் சோம்பலாகச் சுற்றினால் கோளாறு பேட்டரி, ஒயர், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் இவற்றில் ஒன்றில். விறுவிறுவென்று சுற்றியும் பற்றிக்கொள்ள நேரமானால் டீசல் வழியைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது வகை வண்டிக்குப் பேட்டரி மாற்றுவது வீண்.

வண்டி இரவு முழுவதும் ஓய்ந்த பிறகு பேட்டரியை அளக்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான். நல்ல சார்ஜ் இருந்தும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகம் வலுக்கிறது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரோ அதன் பெல்ட்டோ சரியில்லை. அதைக் கவனிக்காமல் போடும் புதுப் பேட்டரியும் சில நாளில் இறங்கிவிடும்.

பேட்டரியை விட நான் முதலில் சந்தேகப்படுவது எர்த் ஒயரை. இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாக மின்சாரம் போகாது. செல்ஃப் இழுக்கும் 200, 300 ஆம்பியர் பேட்டரிக்குத் திரும்ப, இன்ஜினிலிருந்து வரும் எர்த் பட்டைதான் வழி. சேறும் தண்ணீரும் அடித்து, அதிர்ந்து அதிர்ந்து, அந்தப் பட்டையின் செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். போல்ட்டுக்கு அடியில் துரு ஏறும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழற்றித் திருப்பினால் பட்டையின் முனையில் உள்ள லக்கின் (போல்ட் நுழையும் வளையத்தின்) அடியில் பச்சை பூத்திருக்கும்.

சோதிப்பது எளிது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே வைக்க வேண்டும், கிளாம்ப் மேல் வைக்கக் கூடாது. மறு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில் அழுத்தி, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது. 200 ஆம்பியர் ஓடும்போது ஒரு வோல்ட் தொலைந்தால் 200 வாட் அந்த இணைப்பிலேயே சூடாகிறது. செல்ஃபுக்குப் போக வேண்டிய பலம் அது. பாசிட்டிவ் ஒயரையும் இதேபோல் பார்க்கலாம், அங்கே 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உப்புத்தாள், ஸ்பேனர், கடைசியில் கொஞ்சம் வாசலின்: செலவு அவ்வளவுதான். கழற்றும்போது நெகட்டிவை முதலிலும் மாட்டும்போது கடைசியிலும் தொட வேண்டும். பட்டை நைந்திருந்தால் சுத்தம் செய்வதோடு நிற்காமல் புதிதே போட்டுவிடுங்கள்.

செல்ஃப் மோட்டார் தன்னைக் காட்டிக்கொடுப்பது சூட்டில். காலையில் சுமாராகக் கிளம்பிய வண்டி, பாரம் இழுத்து வந்து நிறுத்தி உடனே கிளப்பினால் திணறுகிறதா? பேட்டரியும் ஒயர்களும் தேறிவிட்டன என்றால் செல்ஃபைக் கழற்றலாம். உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால், சுழலும் பாகமான ஆர்மெச்சர் பக்கவாட்டில் உரசி, அளவுக்கு மீறிய மின்சாரத்தை இழுக்கும். பேட்டரி வோல்ட் விழுவதைப் பார்த்துப் பேட்டரி மேலேயே பழி போடுவது இங்கேதான் நடக்கிறது. ஆர்மெச்சர் கருகாமல் இருந்தால், அதற்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றுவது போதும். மலிவாகக் கிடைக்கும் போலி செல்ஃபை விட, ஒழுங்காகப் பிரித்து மாட்டிய பழைய செல்ஃப் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

டீசல் பக்கத்தில் புகையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை: குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள், அது சரியென்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு. ஊட்டியில் மார்கழி விடியலில் கேரட் ஏற்றும் வண்டிக்கு ஹீட்டர் பிளக் மிக முக்கியம். சமவெளியில் ஓடும் காமன் ரெயில் வண்டி (எல்லா சிலிண்டருக்கும் உரிய டீசலை ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் வைத்திருப்பது) பெரும்பாலும் அது இல்லாமலும் கிளம்பிவிடும். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே மட்டும் அடிக்கவே கூடாது. சிவந்த பிளக்கில் பட்டு வெடித்து பிஸ்டனையே உடைக்கும்.

புகையே இல்லை என்றால் டீசல் வந்து சேரவில்லை. ஃபில்டர் மேல் கைப்பம்ப் இருக்கும் வண்டியில், செல்ஃப் அடிக்கும் முன் அது கெட்டியாகும் வரை அழுத்துங்கள். உடனே கிளம்பினால், இரவில் எங்கோ காற்று புகுந்து டீசல் டேங்குக்கு இறங்குகிறது. ஹோஸ், கிளிப், ஃபில்டர் சீல் ஆகியவற்றைத் தேட வேண்டும். அப்படியும் கிளம்பாத காமன் ரெயில் வண்டியில், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு இன்ஜெக்டர் மற்றவற்றை விட அதிகமாக டீசலைத் திருப்பி அனுப்பினால், ரெயிலில் தேவையான அழுத்தம் ஏறவே நேரமாகும். அந்த நிலைக்கு வந்தபின் வீட்டுச் சோதனை போதாது. டீசல் பம்ப் வேலை தெரிந்த கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.