காரின் கூரையில் சோலார்: எவ்வளவு ஓடும், யாருக்கு உதவும்?

சில மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் கூடுதல் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் வசதிகளில் ஒன்றாகச் சோலார் கூரை வருகிறது. கறுப்புச் சிலிக்கான் செல்கள் பதித்த கண்ணாடிக் கூரை அது. கார் நின்றாலும் ஓடினாலும் வெயில் படும் நேரமெல்லாம் பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் சேர்ந்துகொண்டிருக்கும். ஏறத்தாழ 200 வாட் திறனுள்ள அத்தகைய கூரை கொண்ட மின்சாரக் காரைத்தான் நான் ஓட்டுகிறேன். அதைப் பார்ப்பவர்கள் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஆஸ்திரேலியாவில் சோலார் கார்கள் 3,000 கிலோமீட்டர் வெயிலிலேயே ஓடிவிடுகின்றனவே, இந்தக் கூரை மட்டும் ஏன் ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தருவதில்லை? கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூரையில் இல்லை. கூரைக்குக் கீழே இருக்கும் காரில் இருக்கிறது.

நண்பகலில் நேராக விழும் வெயில், ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றலைக் கொண்டுவருகிறது. நல்ல சிலிக்கான் செல் அதில் 22 முதல் 24 சதவீதத்தை மின்சாரமாக மாற்றும். சாதாரணக் காரின் கூரையில் செல் பதிக்கத் தோதான இடம் ஒன்றிலிருந்து இரண்டு சதுர மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், 200 வாட் என்பது உற்பத்தியாளர் கஞ்சத்தனமாக வைத்த அளவன்று. நல்ல வெயில் நாளில் அந்தக் கூரை, இழப்புகள் போக, முக்கால் யூனிட் மின்சாரம் சேர்த்தால் பெரிது. 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் செலவழிக்கும் கார் அதைக் கொண்டு ஐந்து கிலோமீட்டர் போகும். 2023இல் வந்த பிரியஸ் காரின் 185 வாட் கூரை, ஆண்டுக்கு 1,250 கிலோமீட்டர் ஓடுவதற்கு ஈடான மின்சாரம் தரும் என்று டொயோட்டா சொல்வதும், நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தால், மூன்றரைக் கிலோமீட்டர்தான். ஆண்டுக் கணக்காகச் சொன்னால் காதுக்கு இனிமையாக இருக்கிறது.

இனிப் பந்தயத்துக்கு வருவோம். 1982 டிசம்பரில் சாகசப் பயணி ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப்பும் கார்ப் பந்தய ஓட்டுநர் லாரி பெர்கின்ஸும் தாங்கள் உருவாக்கிய சோலார் காரில் பெர்த் நகரிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 4,000 கிலோமீட்டரை இருபது நாட்களுக்குள் கடந்து சிட்னியை அடைந்தனர். சராசரி வேகம் மணிக்கு 23 கிலோமீட்டர், அதாவது நன்றாக மிதிக்கும் சைக்கிள்காரரின் வேகம். தோல்ஸ்ட்ரப் பிறகு தொடங்கிய உலக சோலார் பந்தயம் 1987இல் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை முதன்முறையாக நடந்தபோது, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சன்ரேசர் மணிக்கு 66.9 கிலோமீட்டர் சராசரியில் வென்றது. 2005இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக மாணவர்களின் நூனா 3 அதை 102.75 கிலோமீட்டராக உயர்த்தியது. நெடுஞ்சாலையின் வேக வரம்பையே கார்கள் நெருங்கத் தொடங்கிய பிறகு, அமைப்பாளர்கள் விதிகளை இறுக்கிக்கொண்டே வந்தனர். 2017, 2019 பந்தயங்களில் முதன்மைப் பிரிவுக் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட சிலிக்கான் தகட்டின் பரப்பு 4 சதுர மீட்டர் மட்டுமே. லித்தியம் அயனி பேட்டரி என்றால் 20 கிலோ எடைக்குமேல் இருக்கக் கூடாது என்பது அப்போதைய விதி.

அந்த 4 சதுர மீட்டரிலிருந்து உச்சி வெயிலில் கிடைப்பது ஒரு கிலோவாட்டுக்கும் சற்றுக் குறைவு. ஓர் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் அளவு மின்சாரம். அதை வைத்துக்கொண்டுதான் 2019இல் பெல்ஜியத்தின் லூவன் மாணவர் அணி மணிக்கு 86.6 கிலோமீட்டர் சராசரியில் அடிலெய்டு வரை ஓடி வென்றது. பகலில் சேர்ந்த மின்சாரத்தையும் பேட்டரியில் தொடக்கத்தில் இருந்த இருப்பையும் சேர்த்து, ஓடிய தூரத்தை வகுத்துப் பார்த்தால், இத்தகைய கார் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போகிறது என்று கணக்கு வருகிறது. என் கார் ஒரு யூனிட்டுக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் போகும். சோலார் பந்தயத்தின் சாதனை இந்தப் பன்னிரண்டு மடங்கு சிக்கனம்தான். தகடு எல்லா அணிகளுக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். வெயிலை யார் அதிகம் பிடிக்கிறார்கள் என்பதைவிட, பிடித்ததை யார் குறைவாகச் செலவழிக்கிறார்கள் என்பதே அங்கே வெற்றியைத் தீர்மானிக்கிறது. காற்றைக் கிழித்துச் செல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படியாக ஏறுவதால், வேகம் இரட்டித்தால் காற்றுக்கு மட்டுமே எட்டு மடங்கு திறன் போய்விடும். எனவே உடலை மெலிய இறகுபோல வடிக்கிறார்கள், சக்கரத்துக்குள்ளேயே மோட்டாரை வைத்துப் பற்சக்கர இழப்பைத் தவிர்க்கிறார்கள், காற்று மிகுதியாக அடைத்த குறுகிய டயர்களைப் பூட்டுகிறார்கள்.

அந்தச் சிக்கனத்துக்காக அவர்கள் விட்டுக்கொடுப்பவற்றைப் பார்த்தால்தான் பந்தயக் காரை வீட்டுக் காராக ஏன் பயன்படுத்த முடியாது என்பது விளங்கும். ஒருவர் மட்டும் உட்காரலாம், பெட்டி வைக்க இடமில்லை, குளிர்சாதனம் கிடையாது. காலை 8 மணி முதல் மாலை 5 மணிவரைதான் ஓட்டம். கேத்தரின், டென்னன்ட் கிரீக், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கூபர் பெடி என்று வழியில் வரும் கட்டாய நிறுத்தங்களில் முப்பது நிமிடம் நிற்க வேண்டும். அங்கும் மாலையிலும் அணியினர் தகட்டைத் தூக்கி, சூரியனை நேர் எதிரே பார்க்கும்படி சாய்த்துப் பிடித்துச் சார்ஜ் ஏற்றுவது இந்தப் பந்தயத்தில் வழக்கமாகக் காணும் காட்சி. சந்தையிலோ அலுவலக வாசலிலோ காரின் கூரையைக் கழற்றிச் சூரியனை நோக்கிப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கப் போவதில்லை. இத்தனைக்கும் ஒவ்வொரு காருக்கும் முன்னும் பின்னும் துணை வாகனங்கள் போகின்றன. இலேசான உடலுக்கு வேறு விலையும் உண்டு: 2019இல் முன்னணியில் ஓடிய, நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழக அணியின் காரைப் பக்கவாட்டுக் காற்று சாலையை விட்டே தூக்கி எறிந்தது, அதே பந்தயத்தில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்த டெல்ஃப்ட் அணியின் கார், முடிவு நெருங்கும் வேளையில் தீப்பற்றிக்கொண்டது. இரண்டு ஓட்டுநர்களும் தப்பினர்.

இந்தக் குறைகளை அமைப்பாளர்களே உணர்ந்ததால்தான் 2013இல் குரூஸர் என்ற பிரிவு வந்தது. பலர் பயணிக்கக் கூடிய கார்களுக்கான அந்தப் பிரிவில் வேகத்தோடு, எத்தனை பேரை எவ்வளவு தூரம் ஏற்றிச் சென்றது, வெளியிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுத்துக்கொண்டது, அன்றாடப் பயன்பாட்டுக்கு எவ்வளவு ஏற்றது என்பவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழக மாணவர்களின் ஸ்டெல்லா வரிசைக் கார்கள் 2013, 2015, 2017, 2019 என நான்கு முறை அதை வென்றன. முழுப் பந்தயத்திலும் வாங்குபவர் கவனிக்க வேண்டிய பகுதி என்று ஒன்றைச் சொன்னால், நான் இந்தப் பிரிவைத்தான் சொல்வேன். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற முதன்மைப் பிரிவுச் செய்திகளைவிடப் பின்னிருக்கையில் இருவர் உட்கார்ந்து போன செய்திக்கு என் மதிப்பில் எடை அதிகம்.

அந்த ஸ்டெல்லா அணியிலிருந்து வந்தவர்கள் தொடங்கிய லைட்இயர் நிறுவனம்தான் பந்தயப் பாடத்தைக் கடைக்குக் கொண்டுவரும் முயற்சியில் அதிக தூரம் சென்றது. லைட்இயர் 0 காரில் 5 சதுர மீட்டர் தகடு, காற்றுத்தடைக் குணகம் (காரின் வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு, குறைந்தால் நல்லது) 0.175, 60 யூனிட் பேட்டரி, ஒரு முறை சார்ஜ் செய்தால் 625 கிலோமீட்டர். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர் வரை சூரியனிடமிருந்தே கிடைக்கும் என்றனர். தகட்டின் பரப்பையும் காரின் சிக்கனத்தையும் வைத்துப் பார்த்தால், கோடையின் நீண்ட பகலுக்கு அது நம்பத் தகாத எண்ணன்று. ஆனால் விலை 2,50,000 யூரோ. 2022 இறுதியில் பின்லாந்து ஆலையில் தொடங்கிய உற்பத்தி 2023 ஜனவரியிலேயே நின்றுபோனது. எதிர்த்திசையில் முயன்றது ஜெர்மனியின் சோனோ மோட்டார்ஸ்: சாதாரண வடிவம், ஏறத்தாழ 30,000 யூரோ விலை, உடல் முழுக்கச் செல்கள், வாரத்துக்குச் சராசரியாக 112 கிலோமீட்டர் வெயில் ஓட்டம் என்று அறிவித்த சியான் காருக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முன்பதிவுகள் வந்தும், 2023 பிப்ரவரியில் திட்டத்தைக் கைவிட்டனர். மூன்று சக்கரமும் இரண்டு இருக்கையுமாக அமெரிக்காவில் உருவான ஆப்டெரா, வடிவத்தில் பந்தயக் காருக்கு மிக நெருக்கமானது. ஏறத்தாழ 700 வாட் தகடு, நாளொன்றுக்கு 64 கிலோமீட்டர் வரை என்பது அவர்களின் கூற்று. 2011இல் மூடப்பட்டு 2019இல் மீண்டும் உயிர்பெற்ற நிறுவனம் என்பதையும் வாங்க நினைப்பவர் மனத்தில் கொள்ள வேண்டும். எனக்குச் சியான் கைவிடப்பட்டதில்தான் வருத்தம் அதிகம். லைட்இயர் ஓடியிருந்தாலும் அந்த விலையில் அது யாருடைய தினசரிப் பயணத்தையும் மாற்றியிருக்காது.

ஆக, இன்று கடையில் உண்மையாகக் கிடைப்பது கூரை மட்டுமே. அதன் நடத்தையைச் சொல்கிறேன். காரின் திரையில் உள்ளே வரும் வாட் அளவு தெரியும். தெளிவான நண்பகலில் 150 வாட்டைச் சுற்றி நிற்கும். 200 என்ற எண்ணை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம், ஏனெனில் அந்த எண் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும் செல்லுக்கு ஆய்வகத்தில் அளந்தது. வெயிலில் நிற்கும் கூரை தொட முடியாதபடி சுடும். ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் சிலிக்கான் செல் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் திறனை இழக்கிறது. நிழல் இதைவிடப் பெரிய எதிரி. ஒரு விளக்குக் கம்பத்தின் நிழல் விரல் பருமனுக்குக் கூரையின் குறுக்கே விழுந்த அளவிலேயே திரையில் எண் பாதிக்கும் கீழே இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், நிழல் பட்ட ஒரு செல் தன்னோடு கோத்த மற்றவற்றின் மின்னோட்டத்தையும் அடைத்துவிடுகிறது. பறவை எச்சமும் காய்ந்த இலையும் இதே வேலையைச் செய்யும்.

நிறுத்தும் இடம் பற்றிய சிக்கலை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. கூரைக்கு மின்சாரம் கிடைக்கக் காரை வெட்டவெளியில் நிறுத்தினால் உள்ளே அனல் சேர்கிறது; திரும்பி வந்து ஏறியதும் குளிர்சாதனம் 2 கிலோவாட் வரை இழுக்கிறது. பத்து நிமிடம் அப்படி ஓடினால் மூன்றில் ஒரு யூனிட் தீர்ந்தது. அது கூரை இரண்டு மணி நேரமாகச் சேர்த்து வைத்தது. மர நிழலில் நிறுத்தியிருந்தால் அந்தச் செலவு பெரும்பாலும் வந்திருக்காது. 2009இல் வந்த பிரியஸ் காரில் டொயோட்டா முதலில் வைத்த சோலார் கூரை பேட்டரிக்கு மின்சாரம் தரவேயில்லை. நிற்கும் காரின் உட்காற்றை வெளியேற்றும் விசிறியை மட்டும் சுழற்றியது. அன்று அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. வெயிலில் நிற்கும் காருக்கு அதைவிடப் பொருத்தமான வேலையை அந்தச் சிறு தகட்டுக்குக் கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

யாருக்கு உதவும் என்றால், எப்படியும் நிழலில்லாத திறந்தவெளியிலேயே காரை நிறுத்தும் கட்டாயம் உள்ளவர், தினமும் பத்துக் கிலோமீட்டருக்குள் ஓட்டுபவர், வீட்டில் சார்ஜர் வைக்க வழியில்லாதவர் ஆகியோருக்குத்தான். இவர்கள் பொதுச் சார்ஜருக்குப் போகும் இடைவெளி கொஞ்சம் நீளும். வாரக்கணக்கில் காரை எடுக்காமல் வைத்திருப்பவருக்கும், பேட்டரி இறங்காமல் காக்கும் அளவில் பயன் உண்டு. சொந்தக் கூரையுள்ள வீடு இருப்பவர் இந்தப் பணத்தை மொட்டைமாடித் தகட்டில் போடுவதே சரி: சூரியனை நோக்கிச் சாய்த்து, காற்றோட்டம் விட்டு, நிழல் விழாத இடம் பார்த்துப் பொருத்திய தகடு, அதே வாட்டுக்குக் கார்க் கூரையைவிட அதிக மின்சாரம் தரும், கார் நிழலில் நிற்கலாம்.

அப்படியும் இந்த வசதியை வாங்குவதென்று முடிவு செய்தால், விற்பனையாளரிடம் சிலவற்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தகட்டிலிருந்து வரும் மின்சாரம் காரை ஓட்டும் பெரிய பேட்டரிக்குப் போகிறதா, விளக்குக்கும் பூட்டுக்குமான 12 வோல்ட் பேட்டரியோடு நின்றுவிடுகிறதா என்பது முதற்கேள்வி. பின்னதாயின், ஓடும் தூரம் நேரடியாகக் கூடாது. பெரிய பேட்டரிக்கே போகிறது என்றால், சிறு மின்னோட்டத்தை ஏற்றுவதற்காகக் காரின் கணினிகள் விழித்திருந்து எவ்வளவு மின்சாரத்தைத் தாமே எடுத்துக்கொள்கின்றன என்று கேளுங்கள். இதைத் தவிர்ப்பதற்காகவே இடையில் சேமிப்புப் பேட்டரி வைத்த கார்களும் உண்டு. அந்தக் கூரையோடு திறக்கும் கண்ணாடிக் கூரை கிடையாது என்பதையும், மேலே சுமை கட்டினால் தகடு மறைந்துவிடும் என்பதையும் வாங்கிய பிறகு தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கல் பட்டுக் கூரையில் விரிசல் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் அதைக் கண்ணாடியாகக் கணக்கில் எடுக்குமா, மின் உதிரிபாகமாக எடுக்குமா என்பதற்குப் பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மாற்றும்போது முழுக் கூரையையும் ஒரே பாகமாகத்தான் மாற்றுவார்கள் என்றால் அந்தத் தொகையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.