பாக்கெட் லேபிளா, சொந்த விளம்பரமா?

ஆரோக்கிய உணவை வைத்து எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர நினைக்கும் ஆசிரியர்கள் பலருக்கும் இதே குழப்பம்: உணவுப் பாக்கெட்டின் லேபிளை வாசிக்க வைப்பதா, பிள்ளைகளையே ஒரு உணவுக்கு விளம்பரம் எழுத வைப்பதா?

செலவு: இரண்டுக்கும் பெரிதாக இல்லை. காலி பிஸ்கட் கவர், பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

நேரம்: லேபிள் ஒரு பீரியட். விளம்பரத்துக்கு மூன்று, நான்கு பீரியடாவது வேண்டும்.

மொழி: லேபிளில் எண்கள், பெயர்ச்சொற்கள், 'more than', 'less than' எல்லாம் பழகும். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகத்தான் அச்சிடுவார்கள். சர்க்கரை இரண்டாவதாக நிற்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் முன்பக்கத்தில் 'எனர்ஜி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை அவர்களே கேள்வி கேட்பார்கள். விளம்பரத்தில் 'ட்ரை', 'டேஸ்ட்' என்று ஏவல் வினைகள் தானாக வரும். கொள்ளுப் பருப்பு, கம்பங்கூழ், பொள்ளாச்சி இளநீர் என்று வீட்டில் தெரிந்ததையே விற்கச் சொல்லுங்கள். ஆனால் 'சர்க்கரை நோய் குணமாகும்' என்று எழுதினால் அந்த வரியைக் கட்டாயம் அடித்துவிடச் சொல்லுங்கள்.

கூச்சம்: லேபிளில் விரலை வைத்துக் காட்டியாவது பதில் சொல்லலாம். விளம்பரத்தில் வாய்த்துடுக்கானவர்களே முன்னால் நிற்பார்கள்.

வாசிக்கவே திணறும் வகுப்புக்கு லேபிள். ஓரளவு வாக்கியம் எழுதுகிறவர்களுக்கு விளம்பரம்தான், நேரம் போனாலும் பரவாயில்லை.