ஃபைபர் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ்: குமரி மாவட்டத்தில் வாங்கலாமா?

லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, வீட்டில் இன்வெர்ட்டரும் ஓடுகிறது. ஆனாலும் கரண்டு போன நொடியில் தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்யும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்துவிடும். மெயின் லைனிலிருந்து இன்வெர்ட்டருக்கு மாறும் சில பத்து மில்லிசெகண்டில் ஃபைபர் பெட்டி, அதாவது ஓஎன்டி, ரீஸ்டார்ட் ஆவதுதான் காரணம். மறுபடி நெட் வர இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடில் போட்டால் இந்த இடைவெளி குறையும். ஆனால் லோ வோல்டேஜ் உள்ள ஊர்களில் அந்த மோடு அடிக்கடி பேட்டரிக்குத் தாவும். பேட்டரியின் ஆயுள் போகும்.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ரப்பர் கிளையோ தென்னை மட்டையோ லைனில் விழுந்து, ஒரே மாலையில் கரண்டு பலமுறை போய் வரும். கிட் க்ளோன், அதாவது ஒரு ப்ராஜெக்ட்டின் கோட் முழுவதையும் இறக்குவது, பாதியில் நின்றால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். வீட்டிலிருந்து ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் பராமரிப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது, அடாப்டருக்கும் ஓஎன்டிக்கும் நடுவில் மாட்டும் சின்ன பேட்டரிப் பெட்டியான மினி யுபிஎஸ்தான் என்பது எங்கள் முடிவு. ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

அட்டையில் 10,400 எம்ஏஹெச் என்று போட்டிருக்கும். அது 3.7 வோல்ட் கணக்கு. ஏறத்தாழ 38 வாட்-அவர். 12 வோல்ட்டாக உயர்த்தும்போது கொஞ்சம் வீணாகி 33 அளவில் மிஞ்சும். 8 வாட் இழுக்கும் ஓஎன்டிக்கு நாலு மணி நேரம் வரும். உள்ளே உண்மையிலேயே நாலு செல் இருக்கிறதா என்று கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். 18650 என்ற லித்தியம் செல் ஒன்றே சுமார் 45 கிராம். மொத்த யுபிஎஸ்ஸும் 150 கிராம்தான் என்றால் லேபிள் பொய்.

மலிவான சில பெட்டிகளில் மூன்று செல்லைத் தொடராக இணைத்து, வோல்டேஜைச் சீராக்காமல் அப்படியே வெளியே விடுகிறார்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட், செல் வடிய வடிய 9 வரை இறங்கும். பாதி பேட்டரி இருக்கும்போதே ஓஎன்டி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆவது இதனால்தான். லோடு கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வைத்தால் 11.5க்குக் கீழே போகக் கூடாது.

ஓஎன்டியோடு வந்த 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரையே யுபிஎஸ்ஸுக்கும் மாட்டிவிடாதீர்கள். ஓஎன்டி தன் பங்கை எடுத்தபின் சார்ஜுக்கு மிஞ்சுவது சொற்பம். அடுத்தடுத்து கரண்டு போனால் பேட்டரி நிறையவே நிறையாது. 2 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். பின்னின் அளவையும் பாருங்கள். 5.5க்கு 2.1 மில்லிமீட்டர் சாக்கெட்டில் 2.5 பின் நுழைந்துவிடும், ஆனால் தளர்ந்து நிற்கும். மேசையைத் தட்டினாலே நெட் போகும்.

யுபிஎஸ் நன்றாக இருந்தும் ஏரியா முழுக்கக் கரண்டு போனதும் நெட் நின்றால், கோளாறு வீட்டில் இல்லை. ஜிபான் என்னும் ஃபைபர் லைனில், வழியில் ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை. ஆபரேட்டர் பக்கத்துக் கருவியான ஓஎல்டிக்கு பேக்கப் இருந்தால் போதும். தெருவில் ஒரு வீட்டுக் கரண்டில் ஸ்விட்ச் வைத்து ஓட்டும் லைன் என்றால் உங்கள் யுபிஎஸ் வீண். வாங்குமுன் ஆபரேட்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் மாதிரி கம்பங்களே சாய்ந்தால் எந்தப் பெட்டியும் உதவாது.

அப்படிப்பட்ட நேரத்துக்கு மொபைல் டேட்டாவும், எஸ்எஸ்ஹெச்சுக்குப் பதிலாக மோஷ் என்ற நிரலும் இருக்கட்டும். ஐபி மாறினாலும் மோஷ் இணைப்பு அறாது. இணைப்பு போனாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸ் சர்வரில் இருந்தால் பில்டும் நிற்காது. லினக்ஸ் கெர்னல் சோர்ஸ் எடுப்பவர்களுக்கு கெர்னல் டாட் ஆர்க் தளத்தில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டிய பண்டில் ஃபைல் கிடைக்கும். விட்ட இடத்திலிருந்து டவுன்லோடு தொடரலாம்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் பின் பச்சை பிடிக்கும். அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டும். இடி மின்னலுக்கு இந்த யுபிஎஸ் பாதுகாப்பு அல்ல. வானம் இருட்டினால் அடாப்டரை பிளக்கிலிருந்து பிடுங்கி, பேட்டரியிலேயே ஓடவிடுங்கள்.