வெற்றிடமா, இனவளமா, உறுதியின்மையா: பூச்சிப் பதிவாளருக்கு எந்த வரைபடம் வழிகாட்ட வேண்டும்?

எந்த வண்ணத்துப்பூச்சியை, எந்த அந்துப்பூச்சியை எங்கே கண்டோம் என்று பதிவு செய்வோரில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத ஆர்வலர்கள். வாரத்தில் ஒரு நாள், அதிலும் வெயில் நன்றாக அடிக்கும் சில மணி நேரம், அல்லது மழையும் பலத்த காற்றும் இல்லாத ஓர் இரவு. இவ்வளவுதான் அவர்கள் கையில் இருக்கும் மூலதனம். அதை எங்கே செலவிடலாம் என்ற கேள்விக்கு இன்று மூன்று வகை வரைபடங்கள் விடை சொல்கின்றன. இதுவரை பதிவு வராத கட்டங்களைக் காட்டும் வெற்றிடப் படம் ஒன்று. எந்த இடத்தில் எத்தனை இனங்கள் இருக்கக்கூடும் என்று கணித்துக் காட்டும் இனவளப் படம் இன்னொன்று. அந்தக் கணிப்பு எங்கெல்லாம் தடுமாறுகிறது என்று காட்டும் உறுதியின்மைப் படம் மூன்றாவது. மூன்றும் ஒரே பதிவுக் குவியலிலிருந்து பிறந்தவைதாம் என்றாலும், ஒரே மனிதரை அவை மூன்று வெவ்வேறு திசைகளில் அனுப்புகின்றன.

அந்தக் குவியலின் குறையை முதலில் சொல்லிவிட வேண்டும். பதிவுகள் சாலையோரங்களிலும், பதிவாளர்களின் வீடுகளைச் சுற்றியும், ஏற்கெனவே பெயர் பெற்ற இடங்களிலும் குவிந்து கிடக்கின்றன. ஒரு மலைச்சரிவில் நீலன் வகை வண்ணத்துப்பூச்சிகளில் அரிய ஒன்று பறக்கிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் எல்லோரும் அந்தச் சரிவுக்கே போவார்கள். இரண்டு மேடு தள்ளி இருக்கும் அதே போன்ற சரிவை எவரும் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே மூன்று படங்களையும் ஒப்பிடும்போது, பதிவுகளின் இந்த ஒருபக்கச் சாய்வை ஒவ்வொன்றும் எப்படிக் கையாள்கிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

வெற்றிடப் படம் மூன்றிலும் எளிமையானது. நிலத்தை 10 கிலோமீட்டர், 2 கிலோமீட்டர் அல்லது 1 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, பதிவு வந்த கட்டத்தில் புள்ளி வைத்தால் போதும். வெறுமையாக நிற்கும் கட்டங்களே போக வேண்டிய இடங்கள். இதற்குப் புள்ளியியல் வேண்டியதில்லை, எவரும் பார்த்த உடனே புரிந்துகொள்ளலாம், படம் தன்னை மீறி எதையும் சொல்வதும் இல்லை. ஆனால் புள்ளி விழுந்துவிட்டால் கட்டம் ‘முடிந்தது’ என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வழியில் வண்டியை நிறுத்தி ஒருவர் எழுதிய ஒரே ஒரு வெள்ளையன் வண்ணத்துப்பூச்சிக்கும், பத்து ஆண்டுகள் ஓயாமல் நடந்து சேர்த்த முந்நூறு பதிவுகளுக்கும் அங்கே ஒரே அளவுப் புள்ளிதான்.

இந்தக் குறைக்கு நல்ல மருந்து உண்டு. தைவானைச் சேர்ந்த புள்ளியியலாளர் ஆன் சாவ் 1984இல் முன்வைத்த மதிப்பீடு, ஒரே ஒரு முறை மட்டும் கண்ணில் பட்ட இனங்களையும் இரண்டு முறை மட்டும் பட்ட இனங்களையும் வைத்து, இன்னும் கண்ணில் படாதவை குறைந்தது எத்தனை இருக்கும் என்று சொல்கிறது. முதல் எண்ணின் வர்க்கத்தை இரண்டாவது எண்ணின் இரு மடங்கால் வகுக்க வேண்டும், அவ்வளவே. இரண்டு கட்டங்களிலும் 40 இனங்கள் பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் ஒரு முறை மட்டும் வந்தவை 12, இரு முறை வந்தவை 4 என்றால், விடுபட்டவை 18. அதாவது பட்டியல் ஏறத்தாழ 69 விழுக்காடுதான் நிறைந்திருக்கிறது. மற்றதில் ஒரு முறை வந்தவை 2, இரு முறை வந்தவை 4 என்றால், விடுபட்டது ஒன்றுகூட இல்லை என்றே கொள்ளலாம். வெறும் புள்ளிப் படத்தில் இவ்விரு கட்டங்களுக்கும் வேறுபாடே தெரியாது. நிறைவு விழுக்காட்டை நிறமாகத் தீட்டினால், எது இன்னும் ஆளைக் கேட்கிறது என்பது உடனே விளங்கிவிடும்.

இனவளப் படம் கண்ணுக்கு மிக அழகானது, மூன்றிலும் அதிகமாகப் பகிரப்படுவதும் அதுவே. வெப்பநிலை, மழை, உயரம், நிலப்பயன்பாடு ஆகியவற்றோடு பதிவுகளைப் பொருத்தி, ஒவ்வோர் இனமும் எங்கெங்கே வாழத்தக்கது என்று கணித்து, அவற்றையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிச் சிவப்பிலிருந்து நீலம் வரை தீட்டுகிறார்கள். புதிதாக வருபவருக்கு இது நல்ல தொடக்கம்தான்; முதல் நாளே வெறுங்கையுடன் திரும்பியவர் இரண்டாம் நாள் வருவது சந்தேகம். ஆனால் பதிவுப் பணியை வழிநடத்தும் கருவியாக இதை வைப்பதை நான் ஏற்க மாட்டேன். நிறையப் பேர் போன இடத்தில் நிறைய இனங்கள் பதிவாகியிருக்கும். இந்தக் கணிப்பைச் செய்யும் கணித மாதிரி அதை வளமான இடம் என்று கற்றுக்கொள்ளும். படம் சிவந்து நிற்கும். மேலும் பலர் அங்கேயே போவார்கள். எல்லாப் பூச்சிப் பதிவுகளின் அடர்த்தியையும் பின்புலமாகக் கொண்டு இந்தச் சாய்வை ஓரளவு திருத்தும் முறைகள் இருக்கின்றன, ஆனால் முற்றும் நீக்கும் முறை இல்லை. போதாக்குறைக்கு, கூட்டல் என்ற செயலே இங்கே ஏமாற்றுகிறது: எங்கும் காணக்கூடிய 30 இனங்கள் உள்ள தோப்பு, வேறெங்கும் இல்லாத ஐந்தே இனங்கள் வாழும் சதுப்பு நிலத்தை எளிதில் முந்திவிடும்.

உறுதியின்மைப் படம் இதற்கு நேர் எதிரான வழியில் செல்கிறது. ஒரே தரவைப் பல மாதிரிகளுக்குக் கொடுத்தோ, தரவின் வெவ்வேறு பகுதிகளைக் கொண்டு ஒரே மாதிரியைப் பல முறை ஓட்டியோ, விடைகள் எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்ப்பதே இதன் அடிப்படை. ஒரு சரிவில் தாவி வகை வண்ணத்துப்பூச்சி ஒன்று இருக்கும் என்று பாதி விடைகளும் இல்லை என்று மீதி விடைகளும் சொன்னால், அங்கே போய்த் தேடும் சில நாள்கள் வழக்கை முடித்து வைக்கும். எல்லா மாதிரிகளும் ஒப்புக்கொண்ட இடத்தில் செலவிடும் பத்து நாள்கள் படத்தைச் சிறிதும் அசைக்காது. பதிவாளரின் நேரத்துக்கு அதிகப் பலன் தருவது இதுவே என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் இது ஒரு நிபந்தனையுடன் வருகிறது, அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பதிவாளர் பார்த்தவற்றை மட்டுமல்ல, தேடியும் காணாதவற்றையும் எழுத வேண்டும். அதாவது முழுப் பட்டியலும் செலவிட்ட நேரமும் தேவை. கண்ணில் படாமல் போவதற்கும் கணக்கு உண்டு. ஓர் இனம் அங்கே இருக்கும்போது ஒரு வருகையில் கண்ணில் பட 40 விழுக்காடு வாய்ப்பு என்றால், மூன்று வருகைகளிலும் தவறவிட ஏறத்தாழ 22 விழுக்காடு வாய்ப்பும், ஐந்திலும் தவறவிட 8 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பும் இருக்கின்றன. எனவே உறுதியின்மைப் படத்தைப் பார்த்து ஒரே ஒரு முறை போய்விட்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டுவது, போகாமலே இருப்பதைவிடக் கெடுதல். இன்னொரு குறையும் உண்டு: மாதிரிகள் எல்லாம் சேர்ந்து உறுதியாகத் தவறு செய்யும் இடத்தை இந்தப் படம் காட்டாது. குதிரைக் கஷ்கொட்டை மர இலையைத் துளைக்கும் கேமரேரியா ஒரிடெல்லா என்ற சிறு அந்துப்பூச்சி 1984இல் மாசிடோனியாவின் ஒரிட் ஏரிப் பக்கத்தில் முதலில் கவனிக்கப்பட்டு, 2002இல் லண்டனின் விம்பிள்டன் வரை வந்துவிட்டது. இவ்வாறு பரவும் புதுவரவைப் பழைய பதிவுகளில் கற்ற எந்த மாதிரியும் எதிர்பார்த்திருக்க முடியாது.

வண்ணத்துப்பூச்சியையும் அந்துப்பூச்சியையும் ஒரே படத்தில் வைப்பது இங்கேதான் சிக்கலாகிறது. இவ்விரண்டும் சேர்ந்த வரிசையான செதிலிறகிகளில் விவரிக்கப்பட்டவை ஏறத்தாழ 1,60,000 இனங்கள். அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு அந்துப்பூச்சிகள். பகலில் பாதையோடு நடந்தே வண்ணத்துப்பூச்சியைப் பதிவு செய்துவிடலாம். அந்துப்பூச்சிக்கு ஒளிப்பொறி வேண்டும், மின்கலம் வேண்டும், இரவில் அங்கே தங்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். பொறி பெரும்பாலும் சில பத்து மீட்டர்களுக்குள் இருப்பவற்றையே இழுக்கிறது என்பதால், 1 கிலோமீட்டர் கட்டத்தின் நிறத்தைப் பார்த்துப் பொறி வைக்கும் இடத்தை முடிவு செய்ய முடியாது. 125 வாட் பாதரச ஆவி விளக்கில் விழுவதும் புற ஊதா ஒளி தரும் 6 வாட் ஆக்டினிக் குழாய் விளக்கில் விழுவதும் ஒன்றல்ல. முழுநிலவு இரவில் இரண்டிலுமே வரத்து குறையும். பாதரச விளக்குகள் 2015இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்ட பிறகு எல்இடி விளக்குகளும் சேர்ந்துகொண்டதால், பழைய பதிவுகளையும் புதியவற்றையும் ஒரே தராசில் வைப்பது இன்னும் கடினம். இறகு வடிவத்தைக் கொண்டு பிரிக்க முடியாமல், பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் இனங்களோ, ஒத்த இனங்கள் பலவற்றுக்கும் பொதுவான கூட்டுப் பெயரில் கிடக்கின்றன. இவ்வளவு மெலிந்த, சீரற்ற தரவில் கட்டிய உறுதியின்மைப் படம் நாடு முழுவதையும் ஒரே நிறத்தில் ‘தெரியாது’ என்று காட்டுவதில் வியப்பில்லை. ஆகவே அந்துப்பூச்சிகளுக்கு, நிறைவு விழுக்காடு சேர்த்த வெற்றிடப் படமே இப்போதைக்கு மேல் என்பேன். வண்ணத்துப்பூச்சிப் பதிவுகள் செறிந்த நாடுகளில் உறுதியின்மைப் படம் முந்துகிறது.

எந்தப் படத்தை எடுத்தாலும், நிலையான தடங்களில் நடப்பவர்களை அதைக் காட்டி இடம் மாற்றக் கூடாது. சூழலியலாளர் எர்னி பொல்லார்ட் பிரிட்டனின் மாங்க்ஸ் வுட் ஆய்வு நிலையத்தில் உருவாக்கிய முறையில், ஒரே தடத்தில் வாரந்தோறும் 26 வாரங்கள் நடந்து, இருபுறமும் 2.5 மீட்டருக்குள்ளும் முன்னால் 5 மீட்டருக்குள்ளும் வரும் வண்ணத்துப்பூச்சிகளை மட்டும் எண்ணுகிறார்கள். பிரிட்டனில் நாடளாவிய திட்டம் 1976இல் தொடங்கியது. அதன் பயன் பூச்சிகள் எங்கே இருக்கின்றன என்று அறிவதில் அன்று. கூடுகின்றனவா குறைகின்றனவா என்று அறிவதில்தான். நடப்பவரைப் புதிய கட்டத்துக்கு அனுப்பினால் பல ஆண்டுத் தொடர் அறுந்துபோகும்.

மூன்று படங்களுக்கும் பொதுவான குறை, மாதம் இல்லாமை. விண்டர் மாத் என்ற அந்துப்பூச்சி நவம்பரிலிருந்து ஜனவரி வரை பறக்கிறது, அதன் பெண்ணுக்குப் பறக்க உதவும் இறகே இல்லை. கோடையில் எத்தனை முறை போனாலும் அந்தக் கட்டம் வெறுமையாகவே நிற்கும். பிரௌன் ஹேர்ஸ்ட்ரீக் என்ற வண்ணத்துப்பூச்சி வளர்ந்த பின் மர உச்சியிலேயே பெரும்பாலும் காலம் கழிப்பதால், தேர்ந்த கண்ணுக்கும் தப்பிவிடும். ஆனால் இலை உதிர்ந்த பிறகு பிளாக்தார்ன் என்ற முட்புதரின் கிளைகளில் அதன் வெண்ணிற முட்டைகள் தெளிவாகத் தெரியும். உறுதியின்மைப் படம் அந்த வேலியோரத்தை ஜூலையிலும் ஜனவரியிலும் ஒரே நிறத்தில்தான் காட்டுகிறது. ஜனவரியில் போனவர்தான் முட்டையை எண்ணி, அந்தக் கட்டத்தின் நிறத்தை மாற்றுவார்.