68,500 ரூபா போயிட்டுது: பிள்ளைக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, துடிதுடிப்புக் கோளாறு) பார்க்கப் போற தாய் தகப்பன்மாருக்கு

நேத்துப் பின்னேரம்தான் "காசு திருப்பித் தர ஏலாது" எண்டு கடைசிப் பதில் வந்தது. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதுறன், பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்க. பேர் போட மாட்டன். பேர் போட்டா லோயர் மூலம் கடிதம் அனுப்புவம் எண்டு முந்தாநாளே வெருட்டிப்போட்டாங்க. மட்டக்களப்பு டவுனுக்குள்ள, கீழ கடை, மேல மாடியில ரெண்டு அறை. கொழும்பில இருக்கிற டொக்டர ஸ்கிரீனில காட்டுற ஒரு தனியார் நிலையம். பேஸ்புக்கில விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கு.

மகனுக்கு ஒன்பது வயசு, நாலாம் ஆண்டு. பலகையில ரீச்சர் எழுதிறதில மூண்டு வரியக் கொப்பியில எழுதுவான், நாலாவது வரியில யன்னலுக்கு வெளிய போயிருவான். மாசத்துக்கு ரெண்டு தண்ணிப் போத்தல் துலைப்பான். கதிரையில பத்து நிமிசம் இருக்க மாட்டான். அடுத்த வருசம் புலமைப்பரிசில் சோதனை எண்டு எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறாங்க. மாமி ஒரு பக்கம், "தாய் செல்லம் குடுத்துக் கெடுத்திட்டா" எண்டு. நாலு வருசமா இந்த ஒரு வசனத்தக் கேட்டுக் கேட்டு நானும் அத நம்பத் தொடங்கியிருந்தன்.

அந்த நிலையத்துக்குப் போன நாள் எனக்கு அப்பிடியே கண்ணுக்குள்ள நிக்குது. வாசலில ஒரு மீன் தொட்டி. மகன் உள்ள போன உடனேயே அதுல போய் ரெண்டு கையையும் ஒட்டிக்கொண்டு நிண்டான். வேற இடமெண்டா "தம்பி தொடாத" எண்டு சத்தம் போட்டிருப்பாங்க. கவுண்டரில இருந்த பிள்ளை எழும்பி வந்து, குந்தியிருந்து, அவிண்டு கிடந்த அவன்ட சப்பாத்து நாடாவக் கட்டிவிட்டு, "தம்பிக்கு எந்த மீன் விருப்பம்?" எண்டு கேட்டா. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னா: "அக்கா, இது உங்கட வளர்ப்புப் பிழை இல்ல."

நான் அந்த இடத்திலயே அழுதிட்டன். அந்த வசனத்துக்கு நான் என்ன கேட்டாலும் குடுத்திருப்பன். குடுத்தும்போட்டன். பரிசோதனைக்கு 38,500. அதோட "மருந்தளவு சரிப்படுத்திற பக்கேஜ்" எண்டு மூண்டு மாசத்துக்கு 30,000. எல்லாம் முன்காசு. மொத்தம் 68,500 ரூபா. என்ட ரெண்டு காப்ப பேங்கில அடகு வச்ச காசு அது. என்ட வீட்டுக்காரர் அண்டைக்கு "ஒவ்வொரு முறையும் போகேக்க குடுப்பம்" எண்டு சொன்னவர். நான்தான் கேக்கல்ல. சேர்த்துக் கட்டினா டிஸ்கவுண்ட் எண்டாங்க.

பரிசோதனை எவ்வளவு நேரம் தெரியுமா? 11 நிமிசம். நான் போனில நேரம் பார்த்தனான். ஸ்கிரீனில ஒருத்தர் வந்தார், லைன் ரெண்டு தரம் அறுந்தது. மகன் மேசைக்குக் கீழ இருந்தான். "ஓடித் திரிவாரா? கவனிக்க மாட்டாரா?" எண்டு என்னட்ட கேட்டார், நான் ஓம் எண்டன். முடிஞ்சுது. அவன்ட நிறை பார்க்கல்ல, உயரம் பார்க்கல்ல, பிரஷர் பார்க்கல்ல. காது கேக்குதா, கண் தெரியுதா எண்டும் கேக்கல்ல. அவங்கட போர்ம் ஒண்ட வகுப்பு ரீச்சரட்ட குடுத்து, அவ ஒரு கிழமை கவனிச்சுப் பார்த்து நிரப்பி, கவரில போட்டு ஸ்டேப்பிள் அடிச்சுத் தந்தவ. அந்தக் கவரக் கையில வாங்கி பைலுக்குள்ள வச்சாங்க. பைலத் திருப்பி வாங்கேக்கயும் அந்த ஸ்டேப்பிள் அப்பிடியே இருந்தது. ஒருத்தரும் திறக்கவே இல்ல.

மருந்து தந்தது வெள்ளைக் கடுதாசி உறையில. மருந்துட பேர் இல்ல, அளவு இல்ல. "காலை 1, பகல் 1" எண்டு மட்டும் பேனையால எழுதியிருந்தது. எட்டாம் நாள் வட்ஸ்அப்பில ஒரு வொயிஸ் மெசேஜ் வந்தது. அதே கவுண்டர்ப் பிள்ளை. "அக்கா, இனி ரெண்டு ரெண்டாக் குடுங்க." அவ்வளவுதான் அவங்கட மருந்தளவு சரிப்படுத்தல். என்ன மாற்றம் தெரியுது, சாப்பிடுறானா, நித்திரை கொள்ளுறானா, ஒரு கேள்வி இல்ல. ஒரு டொக்டர் சொன்னாரா, அந்தப் பிள்ளை தானாச் சொன்னாவா, எனக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது. ஆனா நான் குடுத்தன். நான்தான் குடுத்தன்.

மூண்டு நாளில வீடு மாறிட்டுது. சோத்துக் கோப்பைய முன்னால வச்சா தள்ளிவிடுறான். சூரை மீன் பொரியல் எண்டா உயிர விடுறவன், அதக் கையாலயும் தொடல்ல. ராவு ஒரு மணிக்கு இருட்டில கட்டில்ல குந்தியிருப்பான். ஒரு நாள் என்ட கையப் பிடிச்சுத் தன்ட நெஞ்சில வச்சு, "அம்மா, உள்ள ஆரோ ஓடுறாங்க" எண்டான். கைக்குள்ள படபடவெண்டு அடிச்சுது. அந்தப் பிஞ்சு நெஞ்சு அப்பிடி அடிச்சத நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டன்.

கோல் எடுத்தன். "அதெல்லாம் நோர்மல் அக்கா, போகப் போகச் சரியாகும்." மறுநாள் எடுத்தன். "டொக்டர் வெளிநாடு போயிட்டார், மெசேஜ் போட்டு விடுங்க." போட்டன். ரெண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்ல. நேரில போனன். மீன் தொட்டி இருக்கு, அந்தப் பிள்ளையும் இருக்கு, என்னைத் தெரியாத மாதிரி "என்ன பேர்?" எண்டு கேட்டா. பக்கேஜில மூண்டு தரம் டொக்டரப் பார்க்கலாம் எண்டுதானே காசு வாங்கினீங்க எண்டு கேட்டன். ஓம், ஆனா நேரம் கிடைக்கிறது அடுத்த மாசம்தானாம். உடன பார்க்கிறதெண்டா அவசரக் கட்டணம் 7,500 ஆம். 68,500 வாங்கிப்போட்டு இன்னும் 7,500! மருந்துட பேரையாவது எழுதித் தாங்க எண்டு அரை மணித்தியாலம் நிண்டு சண்டை பிடிச்ச பிறகுதான் மருந்துத் துண்டுட படத்த அனுப்பினாங்க. மெத்தில்பெனிடேட், ஏடிஎச்டிக்குக் குடுக்கிற மருந்து, ஒரு குளிசை 10 மில்லிகிராம்.

அண்டைக்கே வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, பிள்ளையையும் கொண்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போனம். அங்க மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினாங்க. மனநலம் எண்ட போர்டப் பார்த்து ஆரும் கண்டா என்ன சொல்லுவாங்க எண்டு கூச்சப்பட்டுத்தான் நான் முதலில தனியாரிட்ட போனனான். அந்தக் கூச்சத்துக்குத்தான் 68,500 கட்டியிருக்கிறன்.

அந்த டொக்டர் முதல் செய்தது தராசில ஏத்தினது. ரெண்டு மாசத்துக்கு முதல் பள்ளிக்கூடத்தில நிறை பார்க்கேக்க 24 கிலோ இருந்தவன், 22க்கு வந்திருந்தான். பிரஷர் பார்த்தார், நாடி பார்த்தார். "குடும்பத்தில ஆருக்காவது இள வயசில நெஞ்சு வருத்தம் இருந்ததா?" எண்டு கேட்டார். வீட்டுக்காரர் அப்பிடியே என்னைப் பார்த்தார். இவர்ட அப்பா 38 வயசில, வயலுக்குப் போன இடத்தில நெஞ்சப் பிடிச்சுக்கொண்டு விழுந்து மோசம் போனவர். இந்த மருந்து நாடியையும் பிரஷரையும் கூட்டக் கூடியதெண்டபடியால தொடங்க முதலே கேக்க வேண்டிய கேள்வியாம் அது. 68,500 வாங்கினவங்க கேக்கல்ல. ஒரு சதமும் வாங்காதவர் கேட்டு, அண்டைக்கே ஈசிஜி எடுப்பிச்சார். பயப்பட ஒண்டும் இல்ல எண்டு சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு அந்த ஸ்டேப்பிள் அடிச்ச கவர நான் நீட்டினன். எனக்கு முன்னாலயே திறந்து, ரீச்சர் எழுதின ஒவ்வொரு வரியையும் வாசிச்சார். வீட்டிலயும் இருக்கா, பள்ளிக்கூடத்திலயும் இருக்கா, ரெண்டு இடத்திலயும் பார்க்கணுமாம். ஆறு மாசமாவது இருந்திருக்கணும், 12 வயசுக்கு முதலே தொடங்கியிருக்கணும். கவனக்குறைவிலயோ துடிதுடிப்பிலயோ ஒன்பது அறிகுறியில குறைஞ்சது ஆறு இருக்கணும். நித்திரைக் குறைவோ, காது கேக்காததோ, வீட்டில நடக்கிற பிரச்சினையோ இப்பிடிக் காட்டும், அதையெல்லாம் விலக்கிப் பார்க்கணுமாம். மகனுக்கு ஏடிஎச்டி இருக்கெண்டுதான் அவரும் சொன்னார்.

மருந்தும் பிழையான மருந்தில்ல, குடுத்த விதம்தான் பிழை. 5 மில்லிகிராமில தொடங்கி, கிழமைக்குக் கிழமை பார்த்து, 5 அல்லது 10 எண்டு மெல்ல மெல்லத்தான் கூட்டுவாங்களாம். என்ட பிள்ளை ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமில தொடங்கி, எட்டாம் நாளே 40. இப்ப காலையில மட்டும் அரைக் குளிசை, சாப்பாட்டுக்குப் பிறகு. பின்னேரத்தில குடுக்கக் கூடாது, நித்திரை போயிரும். ஒவ்வொரு தரமும் நிறை பார்த்துக் கிளினிக் கொப்பியில எழுதிறாங்க. நேத்துப் பகல் மீன் பொரியல் கேட்டான்.

காசுக்குத் திரும்பவும் போனன். ரிசீட்டுக்குப் பின்பக்கம் சின்ன எழுத்தில, இங்கிலீசில, பைல் திறந்த பிறகு காசு திருப்பித் தர மாட்டம் எண்டு இருக்காம். மனேஜர் எண்டு ஒருத்தர் வந்து, "வாசிச்சுப் பார்த்துத்தானே சைன் வச்சீங்க?" எண்டார். நான் அழுதுகொண்டு சைன் வச்சது அவருக்குத் தெரியும்.

என்ன செய்யணும் எண்டு விவரமா எழுதுவம் எண்டுதான் தொடங்கினன், இப்ப தலை ஓடுதில்ல. இவ்வளவும் மட்டும். ஸ்கிரீனில வாற டொக்டர்ட பேரக் கேட்டு, இலங்கை மருத்துவச் சபையில பதிஞ்சவரா எண்டு பாருங்க. அந்த இடம் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிஞ்ச தனியார் நிலையமா எண்டும் கேளுங்க, நான் கேக்கல்ல. நிறையும் பிரஷரும் பார்க்காம மருந்து தந்தா வாங்காதீங்க. பேர் எழுதாத உறையில மருந்து வேண்டாம். வொயிஸ் மெசேஜில வாற அளவுக்கு ஒரு குளிசையும் கூட்டாதீங்க. முன்காசு பக்கேஜ் கட்டவே கட்டாதீங்க. ஆரிட்ட கேக்கிறதெண்டு தெரியாட்டி 1926 க்கு எடுங்க, மனநல உதவி இலக்கம் அது.

ரிசீட், வொயிஸ் மெசேஜ், உறை எல்லாம் என்னட்ட இருக்கு. முறைப்பாடு எழுதத் தொடங்கியிருக்கிறன். இதே மாடிப்படி ஏறின வேற தாய்மார் இருந்தா உள்பெட்டிக்கு வாங்க, சேர்ந்து குடுப்பம். திங்கள் காலையில கிளினிக், ரீச்சரட்ட புதுப் போர்ம் வாங்கப் போகணும்.