ஸ்கிரீனா, டிமக்ஸா?

ஏற்காட்டில் இடி மழை பிடித்துக்கொண்டு இணையம் அறுந்தால், சேலம் சர்வரில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) மூலம் ஓடிய அப்கிரேடும் பாதியில் செத்துப்போகும். டெர்மினல் வேலையை இணைப்பு போனாலும் சாகவிடாத மென்பொருள்கள் ஸ்கிரீனும் டிமக்ஸும். வேலையை இவற்றில் ஒன்றுக்குள் தொடங்கியிருந்தால் அது சர்வரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். சர்வரே ரீபூட் ஆனால் இரண்டும் காப்பாற்றாது.

ஸ்கிரீன் 1987இல் வந்தது, டிமக்ஸ் 2007இல். ஸ்கிரீனில் 'கன்ட்ரோல் ஏ', பிறகு 'டி' அழுத்தினால், வேலையை ஓடவிட்டுவிட்டு வெளியே வரலாம். ஆனால் கட்டளைகளைத் தட்டும் பாஷ் ஷெல்லில் வரியின் தொடக்கத்துக்குப் போகவும் அதே 'கன்ட்ரோல் ஏ' தான். கை பழகியவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. டிமக்ஸில் 'கன்ட்ரோல் பி', பிறகு 'டி'. திரும்ப நுழைய 'டிமக்ஸ் அட்டாச்' போதும்.

மலையில் ஒருவரும் அஸ்தம்பட்டியில் ஒருவருமாகச் சேர்ந்து வேலை பார்க்க டிமக்ஸ்தான் சரி. இருவரும் சர்வரில் ஒரே யூசராக நுழைந்து அட்டாச் செய்தால் ஒரே திரை இருவருக்கும் தெரியும். ஒருவர் தட்டுவதை மற்றவர் அந்த நொடியே பார்க்கலாம். பழைய பதிப்புகளில் சின்னத் திரைக்காரரின் அளவுக்கு எல்லாருக்கும் திரை சுருங்கி, மிச்ச இடம் புள்ளிகளால் நிரம்பும். அது கோளாறு இல்லை. ஸ்கிரீனிலும் கட்டளையோடு '-x' சேர்த்துப் பகிரலாம்.

ஆனால் நெட்வொர்க் சுவிட்சின் கன்சோல் கேபிளைச் செருகி 9600 பாட் (சீரியல் இணைப்பின் வேக அளவு) வேகத்தில் பேச வேண்டுமா? ஸ்கிரீன் அதை நேரடியாகச் செய்யும். டிமக்ஸுக்கு அந்த வசதியே இல்லை. அதற்காகவே லேப்டாப்பில் ஸ்கிரீனையும் வைத்திருங்கள்.

லாக்-அவுட் செய்ததும் ஸ்கிரீன் அல்லது டிமக்ஸ் செஷன் காணாமல் போகிறதா? லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகின்டி (லாகின்களைக் கவனிக்கும் பகுதி) அமைப்பில் 'கில் யூசர் பிராசஸஸ்' 'யெஸ்' என்று இருக்கலாம். 'நோ' ஆக்குங்கள்.